பெர்னார்ட் ஹெர்மன்: சில ஒவ்வாத அபிப்பிராயங்கள்

1966 மார்ச்சில் ஹாலிவுட்டின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் நடந்த சண்டை, சினிமா இசையைப் பற்றி எழுதுகிறவர்களிடையே ஏறக்குறைய ஸ்தல புராணமாகிவிட்டது. ‘டோர்ன் கர்ட்டன்’ படத்துக்காக பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய இசை பதிவாகிக்கொண்டிருக்கிறது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் வருகிறார். ஆரம்ப இசையைக் கேட்கிறார். தான் கேட்டது இதுவல்ல என்று பதிவை நிறுத்திவிடுகிறார். 1955-ல் தொடங்கி ஏழு படங்களுக்கு இசையும் ஒன்றுக்கு ஒலி ஆலோசனையுமாக நீடித்த உறவு அன்றோடு முறிந்தது. புராணத்தில் பாத்திரங்களும் நிர்ணயமாகிவிட்டன. ஹெர்மன் சமரசம் அறியாத கலைஞன். ஹிட்ச்காக் ஸ்டூடியோ முதலாளிகளுக்குப் பயந்துபோன கிழவர்.

இதில் பாதி சரி. மறு பாதியில், அதாவது ஒரு கொலைக் காட்சிக்கு இசை வேண்டுமா வேண்டாமா என்ற விஷயத்தில், ஹிட்ச்காக் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இதை ஒப்புக்கொண்டால் ஹெர்மனின் மற்றப் புகழ்பெற்ற இடங்களையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும். அவருடைய பக்தர்கள் இந்த வேலையில் இறங்குவதில்லை.

ஹெர்மன் 1911-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சினிமாவுக்கு ரேடியோ வழியாக வந்தார். இதை எல்லோரும் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப்போகிறார்கள். ரேடியோவில் கண்ணுக்கு வேலையில்லை. ஒரு கதவு, ஒரு தெரு, ஒரு பயம் எல்லாமே சில வினாடிச் சப்தத்தில் வந்துவிட வேண்டும். நீண்ட மெட்டுக்கு அங்கே அவகாசம் கிடையாது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய, செவ்வாய் கிரகத்து ஆட்கள் படையெடுத்து வரும் அந்தப் பிரசித்தமான நாடகத்துக்கு வாத்தியக் குழுவை நடத்தியவர் ஹெர்மன்தான். அந்த நாடகத்தில் மிகப் பயங்கரமான இடம் எது? ஸ்தலத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும் நிருபரின் குரல் சட்டென்று அறுந்து, பிறகு சில வினாடிகள் ஒன்றுமே கேட்காமல் போகும் இடம். பக்கத்தில் ஒரு முழு வாத்தியக் குழுவை வைத்துக்கொண்டு வெல்ஸ் அந்தச் சூனியத்தை ஒலிபரப்பினார். சப்தமின்மையின் பலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஹெர்மன் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெல்ஸோடு ஹாலிவுட் போய் 1941-ல் ‘சிட்டிஸன் கேன்’ செய்தார். ஒரு கல்யாணம் வருஷக்கணக்கில் உலர்ந்துபோவதைச் சில நிமிஷங்களில் காட்டும் காலை உணவு மேஜைக் காட்சியில், ஒரே வால்ட்ஸ் மெட்டு ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறது. அந்த வருஷத்துக்கான ஆஸ்கார் அவருடைய இன்னொரு படத்துக்குப் போனது வேறு கதை. அடுத்த வருஷம் ‘தி மாக்னிஃபிஸன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை ஸ்டூடியோ வெட்டித் தள்ளியபோது இவருடைய இசையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. தன் பெயரையே எடுத்துவிடச் சொன்னார். எடுத்தார்கள். அப்படிப்பட்ட கோபக்காரர்.

அவருடைய சாதனை என்று நான் மதிப்பது இதுதான். மாக்ஸ் ஸ்டைனர், கோர்ன்கோல்ட் போன்றவர்கள் வியன்னாவிலிருந்து கொண்டுவந்த நீண்ட, நெகிழ்ந்த மெட்டுக்களை ஹெர்மன் ஒதுக்கினார். இரண்டு ஸ்வரம், நான்கு ஸ்வரம் கொண்ட சின்னத் துணுக்குகள். அவை திரும்பத் திரும்ப வரும். எங்கும் போய்ச் சேராது. எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்பதையும் மற்றவர்களைப்போல ஆள் வைத்து எழுதிவாங்காமல் தானே எழுதினார். இந்தத் துணுக்குகள் பாத்திரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. 1960-ல் வந்த ‘ஸைக்கோ’வில் நாற்பதாயிரம் டாலரைத் திருடிக்கொண்டு அந்தப் பெண் இரவில், மழையில் கார் ஓட்டிப் போகிறாள். திரையில் இருப்பது ஒரு முகம், எதிரே வரும் விளக்குகள், கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர். தந்தி வாத்தியங்கள் மட்டும், டைட்டிலில் கேட்ட அதே அவசரத்தை மறுபடி தொடங்குகின்றன. அவள் குற்றவாளி என்றோ, பாவம் என்றோ இசை சொல்லவில்லை. ஒரு மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வசனமோ காமிராவோ இதைச் செய்திருக்க முடியாது. அந்தப் படத்தில் ஹெர்மனின் உச்சம் இந்தக் கார்ப் பயணம்.

உலகம் அப்படி நினைக்கவில்லை. உலகத்துக்கு ‘ஸைக்கோ’ என்றால் குளியலறை. குளியலறை என்றால் கிறீச்சிடும் வயலின். ஹிட்ச்காக் முதலில் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றார். ஹெர்மன் கேட்காமல் எழுதினார். போட்டுக் காட்டியதும் ஹிட்ச்காக் இறங்கிவந்தார். ஹெர்மனின் வெற்றியாக இதைச் சொல்வார்கள். பயன் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கொட்டகையில் ஜனங்கள் அலறினார்கள். ஆனால் அந்த வயலின்கள் செய்வது என்ன? கத்தி ஓங்குகிறது, வயலின் கத்துகிறது. கார்ட்டூனில் பூனை படியில் உருண்டால் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்வரம் போடுவார்களே, அந்த மிக்கி மவுஸ் வித்தையின் ரத்தம் பூசிய வடிவம் இது. கண் ஏற்கெனவே பார்த்துவிட்டதைக் காதுக்குப் பிரதி எடுத்துத் தருகிறது. கொலை ஒரு நாடகத் தருணமாகிவிடுகிறது. நாம் அலறுகிறோம், அலறியதால் தப்பிவிடுகிறோம்.

அந்தக் காட்சியின் நிஜமான பயங்கரம் வயலின் ஓய்ந்த பிறகு வருகிறது. அவள் விழுந்தபின் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும். குழாய்க்கு எதுவும் தெரியாது. அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறது. திறந்த கண். அங்கே நமக்கு அலற வழியில்லை. படத்தில் அதே வயலின்கள் மாடிப்படியில் துப்பறிகிறவன் குத்துப்படும்போதும், கடைசியில் நிலவறையிலும் திரும்ப வருகின்றன. மூன்றாம் முறை அது ஒரு முத்திரையாகிவிடுகிறது. அதன்பின் ஊர் ஊராகப் பரவிற்று. நம்மவர்கள் பின்னணி இசைக்கு ரீரிக்கார்டிங் என்று பெயர் வைத்தார்கள். முடிந்துபோன ஒன்றின்மேல் மறுபடி பதிவது என்று இந்த வார்த்தைக்கு நான் அர்த்தம் பண்ணிக்கொள்வதுண்டு.

‘வெர்ட்டிகோ’ விஷயத்தில் இன்னும் அதிகப் பகை சம்பாதிக்க வேண்டியிருக்கும். 1958-ல் வந்த படம். இசைக் கலைஞர்களின் வேலை நிறுத்தத்தால் ஹெர்மனால் அதைத் தானே நடத்தமுடியவில்லை. மியுர் மாதீசன் லண்டனிலும் வியன்னாவிலும் பதிவு செய்தார். செத்துப்போனதாக நினைத்த பெண்ணின் அச்சாக இன்னொருத்தியை உடை, கேசம் எல்லாம் மாற்றி உருவாக்குகிறான் நாயகன். ஹோட்டல் அறையில், நியான் விளக்கின் பச்சை வெளிச்சத்திலிருந்து அவள் வெளிப்படுகிறாள். வசனமில்லை. வாக்னரின் ‘ட்ரிஸ்டான்’ உலகத்திலிருந்து வந்த தந்தி இசை பொங்கி எழுகிறது. அவர்கள் முத்தமிட, காமிரா சுற்றுகிறது. சினிமா இசையின் சிகரம் என்பார்கள்.

எனக்கு உறுத்துகிறது. அவன் நோயாளி என்று படிமத்துக்குத் தெரியும். அந்தப் பச்சை வெளிச்சம் பிணத்தின் நிறம். சுழலும் பின்னணி பழைய குதிரை லாயமாக மாறும்போது அவன் முகத்தில் ஒரு கணம் சந்தேகம்கூடத் தெரிகிறது. இசைக்கு இது எதுவும் தெரியவில்லை. ‘இதோ கிடைத்துவிட்டாள்’ என்று ஆனந்தப்படுகிறது. அது அவனுடைய பிரமையின் குரல், அங்கத முரண் என்று வாதிப்பவர்கள் உண்டு. முரணுக்கு ஒரு இடைவெளி வேண்டும். இங்கே இசை நம்மை வாரி அவன் மடியிலேயே உட்கார்த்திவிடுகிறது. ஒரு பெண்ணின்மேல் இழைக்கப்படும் அக்கிரமத்தைக் காதலாக அனுபவித்துவிட்டு எழுந்துவருகிறோம். அதே படத்தின் முற்பகுதியில், ஸான்ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் அவன் அவள் காரைப் பின்தொடரும் நீண்ட பகுதிகளைப் பாருங்கள். ஹபனேரா தாளத்தின் சின்ன நொண்டல், முடியாத வளையங்கள். இசை அவனோடு அலைகிறது, ஆனால் அவனை நம்பவில்லை. அங்கே ஹெர்மன் ஹெர்மனாக இருக்கிறார்.

இருவரும் சேர்ந்து மௌனத்தை நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 1959-ல் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’. வெட்டவெளியில் ஒருவனை விமானம் துரத்தும் காட்சியில், அந்த விமானம் எண்ணெய் லாரியில் மோதி வெடிக்கும்வரை இசை இல்லை. 1963-ல் ‘தி பேர்ட்ஸ்’ முழுவதிலும் பின்னணி இசை கிடையாது. மின் வாத்தியத்தில் உண்டாக்கிய பறவைச் சத்தங்கள்தான்; அதற்கு ஆலோசகர் ஹெர்மன். இந்த இடங்கள் பேசப்படாததற்கு ஒரு காரணம் இசைத் தட்டு. 1960களின் கடைசியில் ஹெர்மனே தன் ஹிட்ச்காக் இசையை டெக்கா கம்பெனிக்காக நடத்திப் பதிவு செய்தார். சினிமா இசையைச் சினிமா இல்லாமல் கேட்கும் பழக்கம் வளர்ந்தது. அவர் வாசிக்காமல் விட்ட இடங்களைத் தட்டில் விற்க முடியாது.

‘டோர்ன் கர்ட்டன்’ சண்டையில் இரண்டு வழக்குகள் சிக்கிக்கொண்டன. ஒன்று பணம். 1964-ன் ‘மார்னி’ ஓடவில்லை. ஸ்டூடியோவுக்கு இளைஞர்கள் வாங்கும்படியான, தட்டாக விற்கும்படியான இசை வேண்டும். ஹிட்ச்காக் அதற்கு உடன்பட்டு ஹெர்மனுக்கும் எழுதினார். ஹெர்மன் கொண்டுவந்தது பன்னிரண்டு புல்லாங்குழல், பதினாறு ஹார்ன், ஒன்பது ட்ராம்போன், இரண்டு ட்யூபா, எட்டு செல்லோ, எட்டு பாஸ். வயலின் ஒன்றுகூட இல்லை! இந்த வழக்கில் ஹிட்ச்காக் தோற்றவர். பதிலுக்கு ஜான் அடிசன் எழுதிய இசை மெலிசானது, படத்தைத் தாங்கவில்லை. வாத்தியக்காரர்கள் முன்னிலையில் ஒரு பெரிய கலைஞனின் வேலையை நிறுத்தியதும் பண்பான காரியமில்லை.

இரண்டாவது வழக்கு க்ரோமெக்கின் கொலை. கிழக்கு பெர்லினுக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. அமெரிக்க விஞ்ஞானி ஒருவனும் குடியானவப் பெண் ஒருத்தியும் தங்களைக் கண்டுபிடித்துவிட்ட உளவாளியைக் கொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே டாக்ஸிக்காரன் காத்திருக்கிறான். துப்பாக்கி சுடக்கூடாது. கத்தி உள்ளே போய் முறிந்துவிடுகிறது. மண்வெட்டியால் கால்களில் அடிக்கிறாள். கடைசியில் அவனை இழுத்துப்போய்த் தலையை காஸ் அடுப்புக்குள் திணிக்கிறார்கள். ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கஷ்டமான, அசிங்கமான, நேரமெடுக்கும் வேலை என்று காட்டவே இதை வைத்ததாக ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார். இசை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஹெர்மன் ‘ஸைக்கோ’வை நினைத்துக்கொண்டோ என்னவோ, இதற்கும் எழுதினார். படத்தில் அது இல்லை. பின்னால் வந்த டிவிடியில் அந்த இசையோடு காட்சியைப் பார்க்க முடியும். பித்தளை வாத்தியங்கள் உறுமுகின்றன. நல்ல இசை. ஆனால் அறை மாயமாகிவிடுகிறது. இரண்டு ராட்சதர்கள் மோதுகிறார்கள்.

அந்தக் காட்சியின் சூட்சுமமே சத்தம்தான். அங்கே யாரும் சத்தம் போடக்கூடாது. மூச்சு, முனகல், தரையில் உராயும் கால், தட்டுப்படும் சாமான் எல்லாவற்றையும் டாக்ஸிக்காரனுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தோடு நாம் கேட்க வேண்டும். பதினாறு ஹார்ன் முழங்கும் அறையில் நாற்காலி விழுந்தால் யாருக்குக் கேட்கும்? அடுப்பைச் சுற்றி ஆடும் அந்த விரல்கள் மெல்ல ஓய்வதை, ஜெர்மானியன் ஒருவனை காஸில் கொல்கிறார்கள் என்ற நினைப்போடு, துணைக்கு ஒரு ஸ்வரம்கூட இல்லாமல் பார்க்கச் சொல்கிறார் ஹிட்ச்காக். இசை இருந்தால் அது நமக்குத் துணை. அந்தத் துணையை மறுத்தது அவருடைய கடைசிக் காலப் படங்களின் மிக நேர்மையான முடிவு.

ஹெர்மன் லண்டன் போய்விட்டார். த்ரூஃபோ அழைத்தார், பிறகு அமெரிக்க இளைஞர்கள் தேடிவந்தார்கள். 1975 டிசம்பரில் ஸ்கார்ஸேஸியின் ‘டாக்ஸி டிரைவர்’ இசையைப் பதிவு செய்து முடித்தார். 24-ம் தேதி தூக்கத்தில் இறந்துபோனார். அதன் ஸாக்ஸஃபோன் மெட்டைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கடைசிப் பகுதி. மாடிப்படியிலும் அறையிலும் டிராவிஸ் சுட்டுத் தள்ளும்போது இசை இல்லை. துப்பாக்கிச் சத்தம், கூக்குரல், ஒரு சிறுமியின் அழுகை. எல்லாம் ஓய்ந்து, போலீஸ்காரர்கள் வாசலில் உறைந்து நிற்க, காமிரா கூரையிலிருந்து ரத்தத்தைப் பார்த்தபடி மெல்ல நகரத் தொடங்கும்போதுதான் அந்தப் பித்தளை வாத்தியங்கள் வருகின்றன.