கோண்வோல் சுரங்கங்களின் நீரிறைப்பும் எரிபொருட் சிக்கனமும்

நிலத்தின் ஆழத்தே உலோகம் தேடுவோர்க்கு நீரே முதற் பகை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கோண்வோலிற் செம்பும் வெள்ளீயமும் நிறைந்திருந்தன, நிலக்கரியோ இல்லை. சுரங்கம் ஆழமாகுந்தோறும் ஊறும் நீரை இடையறாது இறைத்தல் வேண்டும். இறைக்கும் பொறிக்கு வேண்டிய கரியோ வேல்சிலிருந்து கடல் வழியே வருதல் வேண்டும். கரிச்செலவு வருவாயை விஞ்சின் பொறி நிற்கும். பொறி நின்றாற் சுரங்கம் மூழ்கும். அதனை நம்பிய குடும்பங்கள் பிழைப்பிழக்கும். ஆகவே எரிபொருட் சிக்கனம் அங்கு வாழ்வா சாவா என்னும் வினாவாயிற்று.

1712ஆம் ஆண்டில் தோமஸ் நியூகொமன் அமைத்த நீராவிப் பொறி ஒரே உருளையை ஒவ்வொரு முறையும் சூடாக்கிக் குளிர்வித்தது. வெப்பத்திற் பெரும்பகுதி வீணாயிற்று. நீராவியைக் குளிர்விக்கத் தனி ஒடுக்கியை வகுத்த ஜேம்ஸ் வாற் 1769இல் ஆக்கவுரிமை பெற்றார். அவ்வுரிமை 1775இற் பாராளுமன்றச் சட்டத்தால் 1800வரை நீடிக்கப்பட்டது. வாற்றும் அவருடைய பங்காளியான மத்தியூ போல்ற்றனும் சுரங்க உரிமையாளரிடம் கேட்ட கூலி புதுமையானது: பழைய பொறியோடு ஒப்பிட்டு மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பொறி எத்தனை முறை இயங்கிற்று என்பதைப் பூட்டிய பெட்டிக்குள் இருந்த எண்ணுகருவி காட்டிற்று. சேமிப்பை அளந்து விலையிடும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. எனினும், அக்கூலியைச் சுமையெனக் கருதிய உரிமையாளர் பலர், வழக்குகளும் எழுந்தன.

1800இல் உரிமை முடிந்ததும் கூலி ஒழிந்தது. அதனோடு கண்காணிப்பும் தளர்ந்தது. பொறிகளின் திறனும் குன்றிற்று. இந்நிலையை மாற்றியது புதிய கருவியன்று, ஓர் அறிக்கையே. 1811இல் ஜொயெல் லீன் என்பார் ஒவ்வொரு பொறியின் திறனையும் மாதந்தோறும் வெளியிடத் தொடங்கினார். ஒரு புசல் கரியைக் கொண்டு எத்தனை இறாத்தல் நீர் ஓரடி உயர்த்தப்பட்டது என்பதே அளவு. தொடக்கத்திற் சராசரி இரண்டு கோடிக்கும் குறைவு; 1840களில் அது ஐந்து கோடியைத் தாண்டியது. 1835இல் நிகழ்ந்த ஒரு சோதனையில் ஒஸ்ற்றினின் பொறி 12½ கோடியை எட்டியது. றிச்சட் திரெவிதிக் 1812இற் பயன்படுத்திய உயரமுக்க நீராவியும், அதனை உருளைக்குள் விரியவிடும் முறையும் இவ்வுயர்வுக்குத் துணைநின்றன. அவ்வளவீட்டிற் குறையும் உண்டு: இறைத்த நீர் நேரே அளக்கப்படவில்லை, பம்பியின் கொள்ளளவையும் இயக்கங்களின் எண்ணிக்கையையும் பெருக்கியே கணித்தனர். ஆதலின் ஒழுகும் பம்பியும் நற்பெயர் பெறக்கூடும்.

நீர்வரத்து மாரியில் மிகும், கோடையிற் குறையும். அதற்கேற்பப் பொறியை ஆண்ட முறையே சிறப்பாகக் கருதத்தக்கது. நீர் குறைந்தபோது குழாயை அடைத்துப் பொறியோடு போராடவில்லை. நீர்வீழ்ச்சி எனப் பொருள்படும் பெயருடைய ஒரு சிறு கருவி இருந்தது. பொறி உயர்த்திவிட்ட அதன் தண்டு, ஒரு திருகுவாயின் வழி நீர் வெளியேற மெல்ல இறங்கி, அடுத்த இயக்கத்திற்கான வால்வைத் திறக்கும். திருகுவாயைக் குறுக்கினால் இயக்கங்களுக்கிடையே ஓய்வு நீளும். ஒவ்வோர் இயக்கமும் முழுமையாய் நிகழ, எண்ணிக்கை மட்டும் தேவைக்கேற்பக் குறைந்தது.

பின்னாளில் மின்னோடியால் நிலையான வேகத்திற் சுழலும் மையநீக்கப் பம்பிகள் பரவியபோது, வால்வைக் குறுக்கி ஓட்டத்தை மட்டுப்படுத்தும் வழக்கம் பெருகிற்று. அம்முறையிற் பம்பி ஊட்டிய அமுக்கத்தின் ஒரு பகுதி வால்விலேயே அழிகிறது. 1957இல் தைரிஸ்ரர் தோன்றியபின் வளர்ந்த மீடிறன் மாற்றிகள் மின்னோடியின் வேகத்தையே மாற்றும் வழியை எளிதாக்கின. உராய்வு மட்டுமே தடையாயுள்ள குழாயில் வேகம் 80 வீதமாயின், வேண்டும் வலு ஏறத்தாழ 51 வீதமாகும். நீரை மிகவும் உயர்த்தவேண்டிய இடத்தில் இச்சேமிப்புக் குறையும்; ஆதலின் இடமறிந்தே முறையைத் தெரிதல் வேண்டும்.

தேவைக்குத் தக்கவாறு வேகத்தை அமைத்தல் புதிய கருத்தன்று. சுரங்க வாயிலிற் கரியை எண்ணிச் செலவிட்டோர் கண்ட உண்மையே அது. அளந்ததை யாவரும் அறிய வெளியிட்டமையே அச்சிக்கனத்தை ஒரு நாட்டின் பொதுவறிவாக்கிற்று.