சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் பந்தயம் (1998)

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து டாஸ்மேனியா தீவிலுள்ள ஹோபார்ட் துறைமுகம் வரை ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் பாய்மரப் படகுப் பந்தயம் ஒன்று நடைபெறுகிறது. இதன் 54-ஆவது பந்தயம் 1998 டிசம்பர் 26, சனிக்கிழமை தொடங்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாஸ் நீரிணையில் கடும்புயல் வீசியது. புறப்பட்ட 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட் சென்று சேர்ந்தன. 6 பேர் உயிரிழந்தனர். 5 படகுகள் மூழ்கின. 55 பேர் கடலிலிருந்தும் படகுகளிலிருந்தும் மீட்கப்பட்டனர். கடற்பந்தயத்தில் ஓர் உயிருக்குப் பொறுப்பு படகின் தலைவரா, பந்தயத்தை நடத்தும் சங்கமா என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது. உலகெங்கும் கடற்பந்தயங்களின் பாதுகாப்பு விதிகளில் இதன் தாக்கம் இருந்தது.

பந்தயத்தின் வரலாறு

ஆஸ்திரேலிய உல்லாசப் படகுச் சங்கம் 1944-இல் சிட்னியில் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் சிலர் 1945 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹோபார்ட் வரை உல்லாசப் பயணம் செல்லத் திட்டமிட்டனர். அப்போது சிட்னியில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் இல்லிங்வொர்த்தையும் உடன் வரும்படி அழைத்தனர். அதைப் பந்தயமாகவே நடத்தலாம் என்று அவர் சொன்னார். 9 படகுகள் கலந்துகொண்டன. வழியில் வீசிய புயல் அவற்றைச் சிதறடித்தது. இல்லிங்வொர்த்தின் 'ராணி' என்ற சிறிய படகு 6 நாள் 14 மணி நேரத்தில் கரை சேர்ந்து வென்றது. இப்பந்தயம் தன் முதல் ஆண்டிலேயே புயலைக் கண்டது.

பந்தயத் தொலைவு 630 கடல் மைல், ஏறத்தாழ 1,170 கி.மீ. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பகல் ஒரு மணிக்கு சிட்னி துறைமுகத்தில் பீரங்கி முழங்கப் படகுகள் புறப்படும். கரையிலும் குன்றுகளிலும் மக்கள் திரண்டு பார்ப்பார்கள். முழுநேரப் பந்தய வீரர்களோடு மருத்துவர்கள், வணிகர்கள், தச்சர்கள், ஓய்வுபெற்றவர்கள் என விடுமுறையில் படகோட்டும் பலரும் இதில் கலந்துகொள்வதுண்டு. குடும்பப் படகுகளும் பெருஞ்செல்வர்களின் படகுகளும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பும்.

இங்கே இரண்டு வகை வெற்றிகள் உண்டு. முதலில் கரை சேரும் படகுக்கு ஒரு பரிசு. படகின் நீளம், பாய்களின் பரப்பு முதலியவற்றைக் கணக்கிட்டு நேரத்தைத் திருத்தி வழங்கப்படும் ஒட்டுமொத்தப் பரிசு மற்றொன்று. எனவே சிறிய படகும் வெல்ல வாய்ப்புண்டு.

பாஸ் நீரிணை

ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவில் உள்ளது பாஸ் நீரிணை. அகலம் ஏறத்தாழ 240 கி.மீ. சராசரி ஆழம் 60 மீட்டர் அளவே. மேற்கிலிருந்து தடையின்றி வரும் தென்பெருங்கடலின் அலைகள் இந்த ஆழம் குறைந்த தளத்தில் ஏறும்போது உயர்ந்து குறுகுகின்றன. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு வெப்ப நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வீசினால் அது இந்த நீரோட்டத்தை எதிர்க்கும். அப்போது அலைகளின் முகம் சுவர் போலச் செங்குத்தாகி, உச்சி உடைந்து விழும். படகுகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அலையின் உயரம் அல்ல, இப்படி உடைந்து விழும் நீரின் எடையே.

1993-ஆம் ஆண்டுப் பந்தயத்திலும் இதே பகுதியில் பலத்த காற்று வீசியது. புறப்பட்ட 104 படகுகளில் 38 மட்டுமே முடித்தன. எனவே ஆபத்து அறியப்படாத ஒன்றல்ல.

எச்சரிக்கையும் அதன் பொருளும்

1998 டிசம்பர் 26 அன்று சிட்னியில் வெயிலும் வடகிழக்குக் காற்றும் இருந்தன. பின்காற்றும் தெற்கு நோக்கிய நீரோட்டமும் சேர்ந்து தள்ளப் படகுகள் மிக விரைவாகச் சென்றன. பந்தயச் சாதனை முறியக்கூடும் என்ற பேச்சு இருந்தது. ஆனால் பாஸ் நீரிணையின் கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி வலுப்பெறும் என்பதை வானிலைத் துறை கண்டது. புறப்படும் முன் 'பலத்த காற்று' எச்சரிக்கை நடப்பில் இருந்தது. புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான நிலையில், பிற்பகல் 2.14 மணிக்கு, அது 'புயல்' எச்சரிக்கையாக உயர்த்தப்பட்டது.

அப்போது நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தச் சொற்களின் அளவுகளை அறிய வேண்டும். காற்றின் வேகம் நாட் கணக்கில் சொல்லப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. 34 முதல் 47 நாட் வரை பலத்த காற்று. 48 நாட்டும் அதற்கு மேலும் புயல். இந்த எண்கள் பத்து நிமிடச் சராசரியைக் குறிப்பவை. இடையிடையே அடிக்கும் வன்வீச்சு சராசரியை விட 40 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம். 50 நாட் என்று முன்னறிவித்தால் 70 நாட் வீச்சுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அலை உயரமும் அப்படியே. அறிவிக்கப்படுவது உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதன் இரு மடங்கை நெருங்கலாம்.

படகோட்டிகள் பலர் அறிவிக்கப்பட்ட எண்ணையே உச்ச அளவாக எடுத்துக்கொண்டனர். புயல் எச்சரிக்கை பலத்த காற்று எச்சரிக்கையை விடக் கடுமையானது என்பதே சிலருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வெளியானது. ஆனால் சொன்னவர்கள் கருதிய பொருள் கேட்டவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

டிசம்பர் 27 பகலில் படகுக் கூட்டத்தின் பெரும்பகுதி பாஸ் நீரிணைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பந்தயத்தில் குறித்த நேரங்களில் ஒவ்வொரு படகும் தன் இருப்பிடத்தை வானொலியில் சொல்ல வேண்டும். 'யங் எண்டெவர்' என்ற கடற்படைப் பயிற்சிக் கப்பல் அவற்றைப் பெற்றுக் கரைக்கு அனுப்பியது. தன்னிடத்தில் வீசும் காற்றைச் சொல்வது போட்டியாளருக்கு உதவும் என்பதால் எவரும் அதைச் சொல்வதில்லை. அன்று பிற்பகல் 'சோர்ட் ஆஃப் ஓரியன்' படகின் தலைவர் அந்த வழக்கத்தை மீறினார். தம் இடத்தில் 70 நாட்டுக்கு மேல் வன்வீச்சு அடிப்பதாக எல்லாப் படகுகளும் கேட்கும்படி அறிவித்தார். அதைக் கேட்ட பல படகுகள் விலகி ஈடன் துறைமுகத்துக்குத் திரும்பின. அந்த அறிவிப்பு பல உயிர்களைக் காத்தது எனலாம்.

சோர்ட் ஆஃப் ஓரியனும் திரும்பியது. சற்று நேரத்தில் ஒரு பேரலை அதைப் புரட்டியெடுத்தது. சுக்கானைப் பிடித்திருந்தவர் கிளின் சார்ல்ஸ். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகப் பங்கேற்றவர். அவரைப் படகோடு பிணைத்திருந்த பாதுகாப்பு வார் அறுந்தது. பாய்மரம் முறிந்த படகை அவரிடம் திருப்ப முடியவில்லை. உடனிருந்தவர்கள் கண்முன்னே அவர் அலைகளில் மறைந்தார்.

டாஸ்மேனியாவைச் சேர்ந்த 'பிசினஸ் போஸ்ட் நையாட்' இருமுறை கவிழ்ந்தது. இரண்டாம் முறை சில நிமிடங்கள் தலைகீழாகவே கிடந்தது. வாரால் பிணைக்கப்பட்டிருந்த ஃபில் ஸ்கெக்ஸ் நீருக்கடியில் சிக்கி மூச்சடைத்து இறந்தார். படகின் தலைவர் புரூஸ் கை மாரடைப்பால் இறந்தார். எஞ்சியவர்கள் மறுநாள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர்.

'வின்ஸ்டன் சர்ச்சில்' 1942-இல் ஹோபார்ட்டில் கட்டப்பட்ட மரப்படகு. 1945-இன் முதல் பந்தயத்தில் ஓடிய ஒன்பதில் ஒன்று. பேரலை தாக்கியதில் உடைந்து நீர் ஏறியது. ஒன்பது பேரும் இரண்டு உயிர்காப்பு மிதவைகளுக்கு மாறினர். ஐவர் இருந்த மிதவை கவிழ்ந்து, கூரை அடியிலும் தளம் மேலேயுமாகக் கிடந்தது. உள்ளே காற்று தீர்ந்துவந்ததால் மூச்சுவிடத் தளத்தைக் கிழித்தனர். பிறகு வந்த அலைகளில் மிதவை சிதைந்தது. இரவில் ஒரு பேரலை ஜான் டீன், ஜிம் லாலர், மைக்கேல் பானிஸ்டர் மூவரையும் அடித்துச் சென்றது. மற்ற இருவர் மிதவையின் வளையத்தைப் பற்றிக்கொண்டு ஒரு முழு நாளுக்கு மேல் மிதந்து, 28-ஆம் தேதி இரவு மீட்கப்பட்டனர்.

மீட்புப் பணி

ஆஸ்திரேலியாவில் அமைதிக்காலத்தில் நடந்த மிகப்பெரிய மீட்புப் பணிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. கான்பெராவில் இருந்த தேசியத் தேடுதல்–மீட்பு மையம் பணியை ஒருங்கிணைத்தது. இராணுவ விமானங்களும் குடிமை விமானங்களுமாக 35 வானூர்திகள் ஈடுபட்டன. கடற்படைக் கப்பலான 'நியூகாஸில்' அனுப்பப்பட்டது.

ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் இறங்கிய மருத்துவ உதவியாளர்களும் காவலர்களுமே பெரும்பாலானோரை மீட்டனர். பாய்மரம் முறிந்து அலையும் படகின் மேல் ஹெலிகாப்டர் நேராக நிற்க இயலாது. எனவே படகிலிருப்பவர் கடலில் குதிக்க வேண்டும், மீட்பவர் அவரிடம் நீந்திச் செல்ல வேண்டும். 'ஸ்டாண்ட் அசைட்' படகின் 12 பேரும் இவ்வாறே காப்பாற்றப்பட்டனர். 'கிங்குரா' படகிலிருந்து கடலில் விழுந்த அமெரிக்கர் ஒருவரை விக்டோரியா காவல் துறையின் ஹெலிகாப்டர் தூக்கியது. மீட்டவர்களில் பலருக்கு வீரப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

முடிவு

அமெரிக்கச் செல்வர் லாரி எலிசனின் 'சயோனாரா' முதலில் கரை சேர்ந்தது. ஒட்டுமொத்தப் பரிசை வென்றது 35 அடி நீளமே கொண்ட 'ஏ.எஃப்.ஆர். மிட்நைட் ராம்ப்ளர்'. திரும்பினால் அலைகளைப் பின்புறமும் பக்கவாட்டிலும் வாங்க நேரும், முகப்பை அலைக்குக் காட்டி முன்செல்வதே பாதுகாப்பு என்று அதன் குழு முடிவெடுத்தது. அது அந்தப் படகுக்குப் பலித்தது. எனினும் திரும்புவது தவறு, தொடர்வது சரி என்று இதிலிருந்து பொதுவிதி கூற முடியாது. திரும்பிய படகுகளில் மிகப் பல நலமாகக் கரை சேர்ந்தன.

1999 புத்தாண்டு நாளில் ஹோபார்ட்டின் கான்ஸ்டிடியூஷன் துறையில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

விசாரணை

சங்கம் தன் ஆய்வறிக்கையை 1999-இல் வெளியிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநில மரண விசாரணை அதிகாரி ஜான் அபர்னெத்தி தம் முடிவுகளை 2000 டிசம்பரில் அளித்தார்.

சங்கத்தின் நிலைப்பாட்டுக்கு நெடுங்கால மரபு இருந்தது. பந்தயத்தில் இறங்குவதா, தொடர்வதா என்ற முடிவு அந்தந்தப் படகுக்கே உரியது என்பது உலகப் படகுப் பந்தய விதிகளின் அடிப்படைகளில் ஒன்று. நடுக்கடலில் இருக்கும் நூறு படகுகளின் நிலையைக் கரையில் இருப்பவர் அறிய முடியாது, பந்தயத்தை நிறுத்தினாலும் படகுகள் அதே கடலைக் கடந்துதான் வர வேண்டும் என்பதும் உண்மையே.

அபர்னெத்தி இந்த விதியை மறுக்கவில்லை. ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பைப் படகுத் தலைவரிடம் விடுவதால் பந்தயத்தை நிர்வகிக்கும் பொறுப்பு நீங்கிவிடாது என்றார். சங்கம் அந்தப் பொறுப்பைக் கைவிட்டுவிட்டது என்பது அவரது கடுமையான முடிவு. நிர்வாகக் குழுவினர் முன்னறிவிப்பின் பொருளைத் தாமே புரிந்துகொள்ளவில்லை. இத்தகைய நெருக்கடிக்கான திட்டமும் அவர்களிடம் இல்லை. பிசினஸ் போஸ்ட் நையாடின் நிலைப்புத்திறன் விதி கோரிய அளவுக்குக் குறைவாக இருந்தும் பந்தயத்தில் சேர்க்கப்பட்டதையும் அவர் சுட்டினார். பந்தய இயக்குநர் பதவி விலகினார்.

மாற்றங்கள்

- காற்றின் உச்ச வீச்சும் பெரிய அலைகளின் அளவும் முன்னறிவிப்பில் விளக்கப்பட்டன.
- பாஸ் நீரிணைக்குள் நுழையும் முன் கிரீன் கேப் முனை அருகே, படகும் குழுவும் தொடரத் தகுதியோடு இருப்பதாக ஒவ்வொரு படகும் வானொலியில் உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி வந்தது.
- குழுவில் குறிப்பிட்ட பங்கினர் கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயமாயிற்று.
- தனிநபருக்கான அவசர ஒளி, இருப்பிடம் காட்டும் கருவி, பாதுகாப்பு வார், உயிர்காப்பு மிதவை ஆகியவற்றின் தரவிதிகள் கடுமையாக்கப்பட்டன.
- பங்கேற்போருக்குக் குறைந்தபட்ச வயது 18 என்றாயிற்று.

இவற்றில் கிரீன் கேப் விதி குறிப்பிடத்தக்கது. முடிவெடுக்கும் உரிமை இன்றும் படகுத் தலைவரிடமே உள்ளது. ஆனால் நிலைமையைப் பார்த்து, குழுவைக் கேட்டு, வாய்திறந்து சொல்லியபின்பே அவர் மேலே செல்ல இயலும். பேசாமல் தொடர்வது முன்பு இயல்பாக நடந்தது. இப்போது அதற்கு இடமில்லை.

வரலாற்று இடம்

பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 1979 ஆகஸ்டில் வீசிய புயலில் 15 பந்தயப் படகோட்டிகள் இறந்தனர். அதன்பின் கடற்பந்தய விதிகள் பெரிதும் திருத்தப்பட்டன. அந்தப் பாடங்கள் கைவசம் இருந்தும் 1998-இல் இழப்பு நேர்ந்தது. 2024 பந்தயத்தில் பலத்த காற்றில் வெவ்வேறு படகுகளில் இரு படகோட்டிகள் உயிரிழந்தனர். அதே பந்தயத்தில் இரவில் கடலில் விழுந்த ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டார். அவர் அணிந்திருந்த இருப்பிடம் காட்டும் கருவி அதற்கு உதவியது.

1998-க்குப் பிறகும் பந்தயம் நிற்கவில்லை. மறு ஆண்டு டிசம்பர் 26 அன்று, அதே பகல் ஒரு மணிக்கு, சிட்னி துறைமுகத்தில் மீண்டும் பீரங்கி முழங்கியது.