அதோல் மலையில் அரசியின் வேட்டை

மான் வேட்டையில் இருவகை உண்டு. தனியொருவன் காற்றின் திசையறிந்து, ஊர்ந்து சென்று முதிர்ந்த கலைமானை வீழ்த்துவது ஒன்று. பலர் கூடி மந்தையையே விரட்டி வந்து கொல்வது மற்றையது. ஸ்கொட்லாந்து மலைநாட்டில் முன்னது 19ஆம் நூற்றாண்டிலேயே பெருவழக்காயிற்று. அதற்கு முன்னர் பிரபுக்கள் விரும்பியது பின்னதையே. ஆட்பலத்தைக் காட்டவும் அது உதவியது அல்லவா!

1560களில் அரசி மேரிக்காக அதோல் பிரபு நடத்திய வேட்டையை, நேரில் கண்ட சட்ட அறிஞர் வில்லியம் பார்க்ளே எழுதிவைத்துள்ளார். 2000 மலைநாட்டவர் ஏறத்தாழ இரு மாதங்கள் காடுமேடெல்லாம் அலைந்து, 2000 செம்மான்களை ஒருங்கு சேர்த்தனர். மந்தையின் முன்னே நின்றது ஒரு பெருங்கலை. அது மிரண்டால் மற்றவையும் அதன் பின்னே பாயும், நம்மை மிதித்தே வழி திறக்கும் என அரசிக்கு எச்சரிக்கப்பட்டது.

ஆயினும் ஓநாயொன்றின் மீது நாயை ஏவுமாறு அரசி பணித்தார். கலைமான் வெருண்டு, வந்த வழியே திரும்பியது. அங்குதான் மலைநாட்டவர் நெருங்கி நின்றனர். அவர்கள் குப்புற வீழ்ந்தனர். மந்தை அவர்கள் மேலாக ஓடியது. பலர் காயமுற்றனர், இரண்டு மூன்று பேர் மாண்டனர்.

வீழ்ந்த மான்கள் 360, ஓநாய்கள் 5 என எண்ணி எழுதிய பார்க்ளே, மாண்டவர் தொகையை மட்டும் ‘இரண்டோ மூன்றோ’ என்று விட்டுவிட்டார்.