மலைநாட்டு மக்களும் மாநகரச் சந்தையும்

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியேறி வாழும் தமிழ் மக்கள் கோல்கொண்டாவையும் சார்மினாரையும் நன்கறிவர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை முதலில் அழைத்துச் செல்வதும் அவ்விடங்களுக்கே. ஆயினும், இம்மாநகருக்கு வடக்கே, கோதாவரி ஆற்றுக்கு அப்பால், ஆதிலாபாத் மலைக்காடுகளில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் கோண்டர்களைப் பற்றி அறிந்தோர் நம்மவருள் சிலரே. அம்மலைநாட்டில் வார்த்த பித்தளை யானையோ மயிலோ நம் வீட்டுக் கூடத்தில் இருத்தல் கூடும். அதை வார்த்தவர் யார், நாம் கொடுத்த விலையில் அவர் கைக்குச் சென்றது எவ்வளவு என்ற வினா மட்டும் நம் உள்ளத்தில் எழுவதில்லை. பழங்குடி மக்களின் கலையையும் விழாவையும் நாடி வருவோரால் அம்மக்களின் சிறு தொழில்கள் வளர்வது எங்ஙனம் என்பதை, வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கோண்டர் என்றதும் காட்டில் ஒதுங்கி வாழ்ந்த எளியோர் என்று எண்ணிவிடுதல் தவறு. சாந்தா நகரிலிருந்து கோண்ட மன்னர் அரசு செலுத்திய காலம் ஒன்று இருந்தது. மன்னராட்சி மறைந்த பின்னரும் கோண்டர் தம் நிலத்தை உழுது, தம் தெய்வத்தை வணங்கி, தம் வழக்கின்படியே வாழ்ந்தனர். நிஜாம் ஆட்சியின் பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. காடுகள் அரசாங்கக் காடுகள் என்று எல்லை கட்டப்பெற்றன. சாலைகள் வந்தன, சாலை வழியே வணிகரும் கடன் கொடுப்போரும் புதுக் குடியானவரும் வந்தனர். பட்டா என்பதை அறியாத கோண்டர், தாம் பண்படுத்திய நிலத்திலேயே அயலாராயினர். நீரும் காடும் நிலமும் எமக்கே உரியன என்று முழங்கி எழுந்த குமரம் பீம், 1940-ஆம் ஆண்டில் ஜோடேகாட் என்னும் மலையூரில் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையானார்.

பீம் மாண்டபின், அவ்வெழுச்சிக்குக் காரணம் யாது என்று அறிய நிஜாம் அரசு விரும்பிற்று. அப்பொழுது ஐதராபாத்தில் ஓர் அறிஞர் இருந்தார். வியன்னாவிற் பிறந்த மானிடவியலாரான ஃபூரர் ஹைமண்டார்ஃப் என்பவர் அவர். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த காரணத்தால், இச்சமஸ்தானத்து எல்லைக்குள்ளேயே தங்கியிருக்குமாறு பணிக்கப்பட்டவர். அத்தடையை அவர் நற்பேறாக மாற்றிக்கொண்டார். செஞ்சுக்கள், மலை ரெட்டிகள், ராஜ் கோண்டர் ஆகியோரிடையே சென்று வாழ்ந்து, அவர்தம் வாழ்க்கையை நூல்களாக எழுதினார். 1943-இல் மார்லவாய் என்னும் சிற்றூரில் கோண்டர்க்கென ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. கோண்டி மொழியிலேயே பாட நூல்கள் தேவநாகரி எழுத்தில் ஆக்கப்பட்டன. கோண்ட இளைஞரே ஆசிரியராயினர். நிலமற்றோர்க்குப் பட்டாக்களும் வழங்கப்பெற்றன. முதலில் நிலம், அடுத்து எழுத்து, அதன் பின்னரே பிற முன்னேற்றம் என்ற வரிசையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, கைத்தொழிலைப் பார்ப்போம். ஆதிலாபாத் பகுதியில் பித்தளை வார்ப்போர் ஓஜா எனப்படும் சிறு வகுப்பினர். உஷேகாவ் போன்ற சில ஊர்களில் இவர்கள் வாழ்கின்றனர். களிமண்ணாற் கருவைச் செய்து, அதன்மேல் தேன்மெழுகை நூல் நூலாகத் திரித்துச் சுற்றி, கண்ணும் காதும் அணியும் அமைப்பர். அதன்மேல் மீண்டும் களிமண்ணைப் பூசிச் சூளையிலிடுவர். மெழுகு உருகி நீங்கிய இடைவெளியில் காய்ச்சிய பித்தளை சென்று நிரம்பும். ஆறியபின் மண் அச்சை உடைத்தே பொருளை எடுத்தல் வேண்டும். ஆகவே ஓர் அச்சிற்கு ஒரு பொருளே உண்டு. ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை.

இவ்வோஜாக்களின் பழைய வாடிக்கையாளர் நகரத்தாரல்லர், கோண்டரே. கோயிலுக்கு மணியும், தெய்வத்துக்கு உருவும், ஆடுவோர்க்குச் சலங்கையும் அவர்கட்கு வேண்டியிருந்தன. கோண்டன் வயலில் விளைந்தால் ஓஜாவின் உலையில் நெருப்பு எரிந்தது. நிலத்தை இழந்த குடியானவன் மணி வாங்குவதில்லை. எனவே, நிலம் பறிபோனமையும் கைத்தொழில் நலிந்தமையும் ஒரே கதையின் இரு பகுதிகள் ஆகும். நலிந்த உலைக்கு இன்று நகரத்துச் சந்தையே புதிய வாடிக்கை. ஆனால் கோண்டனை ஓஜா முகமறிவான், நகரத்தானை அறியான். இடையில் நிற்கும் வணிகனே இருவர்க்கும் முகமாகிறான். சிறு தொழிலின் இன்னல் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

இக்குறையை நீக்க அரசாங்கங்கள் முயலாமல் இல்லை. காட்டு விளைபொருள்களை நேர் விலைக்கு வாங்கும் பொருட்டு 1956-இல் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் விசாகப்பட்டினத்தில் தோன்றியது. தேனும் புளியும் பிசினும் அதன் வழியே நகரங்களுக்கு வந்தன. 1987-இல் பழங்குடியினர் கூட்டுறவு விற்பனை இணையம் மத்திய அரசால் நிறுவப்பெற்று, பல நகரங்களிலும் கடைகள் திறந்தது. 2018-இல் ஆதிலாபாத் பித்தளை வார்ப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும், குறியீடு பெயரைக் காக்குமேயன்றிப் பொருளை விற்றுத் தராது. மெழுகும் பித்தளையும் வாங்க முன்பணம் வேண்டும்; சரக்கு விற்கும்வரை அடுப்பெரியவும் பணம் வேண்டும். அதைக் கொடுப்பவன் இடைத்தரகனே ஆயின், விலையைக் குறிப்பவனும் அவனே ஆவான். ஆகவே கைவினைஞர் கூட்டுறவுக்கு முதலாவது தேவை அலங்காரக் கட்டடமன்று. எளிய வட்டிக்குக் கிடைக்கும் முன்பணமேயாகும்.

பொருளை விற்பதைவிட விழாவைக் காட்டுவது நுண்ணிய காரியம். தீபாவளியையொட்டி நிகழும் தண்டாரி விழாவில், மயிற்பீலி முடி சூடி, உடலெங்கும் சாம்பல் பூசி, குஸ்ஸாடிகள் ஊர் ஊராய்ச் சென்று ஆடுவர். விழா முடியும்வரை நீராடாமல் நோன்பு காப்பர். அவர்க்கு அது வழிபாடு. அவ்வாட்டத்தைப் பிற ஊர்களும் அறியச் செய்த மார்லவாய்க் கனகராஜு 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2024-இல் காலமானார். கேஸ்லாபூரில் தை மாதத்தையொட்டி வரும் அமாவாசையன்று நாகோபா திருவிழா நடைபெறும். மெஸ்ரம் குலத்தார் கால்நடையாகச் சென்று கோதாவரி நீர் கொணர்ந்து தெய்வத்துக்கு ஆட்டுவர். அக்குலத்துப் புது மருமகள்கள் அன்றுதான் தெய்வத்தின் திருமுன் அறிமுகம் செய்யப்பெறுவர். ஹைமண்டார்ஃப் காலத்தில் தொடங்கிய தர்பார் ஒன்றும் அங்கே கூடும். அதிகாரிகள் மக்களின் குறைகளைக் கேட்பர். எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது, எங்கே நிழற்படம் எடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை அக்குலத்தாருக்கே இருத்தல் வேண்டும்.

கேஸ்லாபூருக்கு அருகிலேயே இந்திரவெல்லி இருக்கிறது. நில உரிமை கோரி 1981 ஏப்ரல் 20-ஆம் நாள் அங்குக் கூடிய கோண்டர் மீது போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். அவர்தம் நினைவுத் தூண் அங்கு நிற்கிறது. விழாக் காணச் செல்வோர் அத்தூணையும் கண்டு வருதல் நன்று.

நிலம் பிறர் கைக்குச் சென்றால் விடுதி கட்டுவோனும் பிறனே. அதில் தரை கூட்டுவோன் மட்டுமே பழங்குடியினன் ஆவான். இதைத் தடுக்கும் அரண் சட்டத்தில் உண்டு. 1959-ஆம் ஆண்டு நில மாற்ற ஒழுங்குவிதியும் 1970-இல் செய்யப்பட்ட திருத்தமும், அட்டவணைப் பகுதியில் பழங்குடியினரல்லாதார் நிலம் பெறுவதைத் தடை செய்தன. 1997-இல் சமதா வழக்கில், அப்பகுதியின் அரசு நிலத்தையும் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சுரங்கங்களைப் பற்றிய வழக்கேயாயினும், அதன் அடிப்படை விடுதிக்கும் பொருந்தும்.

பிற நாடுகளும் இப்பாடத்தைக் கற்றுள்ளன. ஆஸ்திரேலியாவின் உலுரு என்னும் செம்பாறை 1985-இல் அதன் பழங்குடியினரான அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதைப் பூங்காவுக்குக் குத்தகைக்கு விட்டு, நிர்வாகக் குழுவிலும் பெரும்பான்மை பெற்றனர். தமக்குப் புனிதமான அப்பாறை மீது வருவோர் ஏறுவது 2019-இல் அடியோடு நிறுத்தப்பட்டது. நம் நீலகிரியிலும் நல்ல முன்மாதிரி உண்டு. தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் தோன்றிய ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பழங்குடியினரே பங்குதாரர். தேனும் காட்டுப் பொருள்களும் அவர்தம் நிறுவனத்தின் வழியே சந்தைக்குச் செல்கின்றன. 2021-இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு அந்நிறுவனத்திற்குக் கிடைத்தது.

பிழைப்பைத் தேடிப் பிற மாநிலம் வந்த நமக்கு, சொந்த மண் என்பதன் அருமை தெரியும். நாம் நம் மண்ணை விட்டு வந்தோம். திரும்பிச் செல்லவும் வழியுண்டு. கோண்டரோ மண்ணை விடாமலே அதை இழக்கும் நிலைக்கு ஆளானவர். ஆதலின், ஐதராபாத்தில் மாசாப் டாங்க் பகுதியிலுள்ள பழங்குடியினர் அருங்காட்சியகத்துக்கு நம் குழந்தைகளை அழைத்துச் செல்வோம். ஆதிலாபாத் சென்றால் ஓஜாவின் உலையடியிலேயே பொருளை வாங்கி, அவர் சொல்லும் விலையைப் பேரமின்றிக் கொடுப்போம். வீட்டில் வைத்த பித்தளை மயிலைச் சுட்டி, இது இன்ன ஊரில் இன்னார் வார்த்தது என்று நாம் சொல்ல வல்லவராயின், அச்சிறு தொழில் வேரூன்றி வளரும்.