இரவல் மருந்துகள்

தேன்கனிக்கோட்டைக் கடைவீதியில் அப்பா மருந்துக்கடை போட்ட காலத்தில், லூபஸ் என்று இந்தப் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூட்டு வீங்கினால் வாதம் என்றார்கள். கன்னத்தில் சிவந்து படர்ந்தால் வெயில் பட்டது என்றார்கள். காய்ச்சல் விடாமல் அடித்தால் பேட்டராய சுவாமி கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோல், மூட்டு, சிறுநீரகம் என்று உள்ளே திரும்பித் தாக்கும் நோய் இது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். அப்பாவிடம் தலைவலி மாத்திரை வாங்கிப் போன எத்தனை பெண்களுக்கு இது இருந்ததோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்குப் பிறகு கல்லாவில் நிற்கிற எனக்கு ஒரு நோயின் வரலாறு மருந்துச் சீட்டில்தான் கிடைக்கிறது. லூபஸ் சீட்டை வரிவரியாகப் படித்தால், அதில் இருப்பது எல்லாமே வேறு நோய்களிடம் இரவல் வாங்கிய மருந்துகள்.

முதல் வரியில் பெரும்பாலும் ஹைட்ராக்ஸி குளோரோகுவின் இருக்கும். அதன் மூதாதை மலேரியாவுக்கான குவினைன். 1860-களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் சின்கோனா மரங்களை நட்டது. நடுவட்டத்தில் குவினைன் ஆலையும் வந்தது. 1894-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை மருத்துவர் பெய்ன், லூபஸ் தோல் தடிப்புக்கு அதே குவினைனைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் விழுங்கிய சிப்பாய்களில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தன. 1951-ல் பேஜ் என்ற மருத்துவர் மெபாக்ரினால் லூபஸ் நோயாளிகள் தேறியதை எழுதினார். 1955-ல் அமெரிக்காவில் ஹைட்ராக்ஸி குளோரோகுவின் அனுமதி பெற்றது. இன்றும் லூபஸுக்கு அடிப்படை இதுதான். வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்லித்தான் இதை எடுத்துக் கொடுப்பேன்.

இந்த மாத்திரையே கிடைக்காமல் போன நாட்களும் வந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இது கேட்கும் என்ற பேச்சு கிளம்பியதும் ஆளாளுக்குச் சீட்டில்லாமல் வந்து கேட்டார்கள். 25-ஆம் தேதி மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மறுநாள் இதை எச்1 அட்டவணை மருந்துகளைப் போல விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை நான் நிம்மதியோடு திறந்தேன், சீட்டு இல்லாதவர்களுக்கு மருந்து இல்லை என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே என்று. மொத்த வியாபாரியிடம் சரக்கு இல்லை. அத்திப்பள்ளியில் எல்லையை மூடியதால் பெங்களூரு டாக்டரிடமும் போக முடியவில்லை. அஞ்செட்டி, தளி பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பியவர்களுக்கு, கையில் இருந்த அட்டைகளை வெட்டி வெட்டிப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுத்தேன்.

இரண்டாம் வரி ஸ்டீராய்டு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்க்ரேவ்ஸ் குழுவினர் லூபஸைக் காட்டிக்கொடுக்கும் எல்.இ. செல்லைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு, அதே இடத்தில், ஹென்ச் கார்ட்டிசோனை முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குப் போட்டார். உயிர் காத்த மருந்து அது, சந்தேகமில்லை. ஆனால் வைசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் உப்பி, கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

அடுத்து சைக்ளோபாஸ்பமைடு, அதாவது எண்டாக்ஸான். போர் விஷவாயுவின் வழியில் பிறந்து, 1950-களின் கடைசியில் புற்றுநோய்க்கு வந்தது. 1986-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, லூபஸ் தாக்கிய சிறுநீரகத்தை இது காப்பாற்றும் என்று காட்டியது. அசாதயோபிரின், மைக்கோபீனலேட் இரண்டும் சிறுநீரக மாற்று சிகிச்சையிலிருந்து வந்தவை.

இவற்றுக்கும் அடங்காத லூபஸ் உண்டு. அங்கேதான் உயிரியல் மருந்துகள் வருகின்றன. ரிட்டுக்ஸிமாப் 1997-ல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. நோயைத் தூண்டும் பி செல்களின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்து, அந்தச் செல்களையே அழிப்பது அதன் வேலை. லண்டனில் ஐசன்பெர்க் குழுவினர் வேறு மருந்து கேட்காத லூபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, 2002-ல் நல்ல பலனை எழுதினார்கள். ஆனால் 257 பேரை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வெற்று மருந்தைவிட அது மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. இருந்தும் டாக்டர்கள் அதை விடவில்லை. அவர்கள் பக்கமே நானும், என் கண்ணால் பார்த்ததால்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்த பெண். கால் வீக்கம், சிறுநீரில் நுரை. எண்டாக்ஸான் கேட்கவில்லை. பெங்களூரு டாக்டர் ரிட்டுக்ஸிமாப் எழுதினார். காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் இல்லை என்று பரிசோதித்த பிறகு, இரண்டு வார இடைவெளியில் இரண்டு தவணை. 2007-ல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரிட்டுக்ஸிமாபுக்கு உலகின் முதல் நகலை, ஏறக்குறைய பாதி விலையில் கொண்டுவந்திருக்காவிட்டால் அந்த வீட்டுக்கு இது எட்டியிருக்காது. அப்படியும் அவள் அம்மா நகையை அடகு வைத்துத்தான் வாங்கினார்.

மருந்தை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைத்துப் பெங்களூரு வரை கொண்டுபோக வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் ஜெல் ஐஸ் பாக்கெட்டுகளை அடுக்கி, நடுவில் அட்டை வைத்தேன். குப்பி ஐஸைத் தொட்டால் உறைந்து கெட்டுவிடும். அந்த அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே, "அண்ணா, பஸ்ஸுல போறதுக்குள்ள ஐஸ் கரைஞ்சா மருந்து வீணாயிடுமா?" என்றார். "மடிவாளா வரைக்கும் தாங்கும்மா. குலுங்காம மடியில வெச்சுக்கோங்க" என்றேன். ஒவ்வாமை வராமல் முதலில் அவில் ஊசி போட்டு, பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்ற ஒரு பகல் முழுக்க ஆனதாம். சில மாதங்களில் நுரை குறைந்தது, ஸ்டீராய்டும் குறைந்தது. அவள் மறுபடி ஷிப்டுக்குப் போனாள்.

லூபஸுக்காகவே உருவாகி வந்த முதல் உயிரியல் மருந்து பெலிமுமாப். அமெரிக்காவில் 2011 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நோய்க்கு வந்த முதல் புது மருந்து அது. அதற்கு வழிவிட்ட இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்றை மணிலாவின் சாண்ட்ரா நவாரா தலைமையில் 13 நாடுகளில் நடத்தினார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. நம் நோயாளிகள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதால் நிரூபணமான மருந்து, என் கடைக் குளிர்பெட்டிக்கு இன்னும் வந்ததில்லை. 2021-ல் அமெரிக்க அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாபும் அப்படியே.

எங்களூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், ஓசூர் சாலையில் பொம்மசந்திரா பக்கம் பயோகான் ஆலை இருக்கிறது. 2013-ல் சொரியாசிஸுக்கு அவர்கள் கொண்டுவந்த இட்டோலிசுமாபை லூபஸ் சிறுநீரக நோய்க்கும் சோதித்துப் பார்த்ததுண்டு, அதுவும் இரவல்தான். ரிட்டுக்ஸிமாபுக்கு நகல் செய்து விலையைப் பாதியாக்கிய நாடு இது. பெலிமுமாபுக்கும் ஒரு நகல் வேண்டும், அது அரசு மருத்துவமனைச் சீட்டிலும் ஏற வேண்டும். கடைக்கு வருகிற கம்பெனிப் பிரதிநிதிகள் ஒவ்வொருவரிடமும் நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.