அகராதித் தலைக்குறிகளும் கணினிக் குறியெண்களும்

சீன எழுத்துகளுக்கு அகர வரிசை கிடையாது. ஆதலால் அவற்றை அகராதியில் எவ்வாறு அடுக்குவது என்ற கேள்வி அம்மொழியின் அறிஞர்களைப் பல நூற்றாண்டுகள் சிந்திக்க வைத்தது. கி.பி. 100ஆம் ஆண்டளவில் ஷூ ஷென் என்பவர் தம் அகராதியில் 9,353 எழுத்துகளை ஆராய்ந்து, அவற்றுள் பொதுவாக அமைந்த உறுப்புகளை இனங்கண்டு, ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பகுதிக்குத் தலைப்பாக வைத்து, 540 பகுதிகளாக வகுத்தார். அவ்வாறு தலைப்பாக நிற்கும் உறுப்பே தலைக்குறி எனப்படுகிறது. ஆறு, கடல், ஏரி ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளின் இடப்புறத்தில் நீரைக் குறிக்கும் உறுப்பு நிற்பதால், அவை மூன்றும் நீர்த் தலைக்குறியின் கீழ் வரும்.

ஷூ ஷென் தலைக்குறிகளை வடிவ ஒற்றுமையும் பொருளும் கருதி வரிசைப்படுத்தியமையால், கற்றறிந்தவர்க்கும் ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதாக இருக்கவில்லை. மிங் வம்சத்தின் இறுதிக்காலத்தில், 1615இல், மேய் யிங்சுவோ தலைக்குறிகளை 214 ஆகக் குறைத்து, அவற்றையும் அவற்றின் கீழ் வரும் எழுத்துகளையும் கோடுகளின் எண்ணிக்கைப்படி அடுக்கினார். தூரிகையை எத்தனை முறை இழுக்க வேண்டும் என்று எண்ணத் தெரிந்த எவரும் அகராதியைப் புரட்ட முடிந்தது என்பதே அவர் பணியின் உண்மையான பெருமை. காங்ஷி பேரரசரின் ஆணையால் தொகுக்கப்பட்டு 1716இல் நிறைவுற்ற, 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட அகராதி இம்முறையை அப்படியே ஏற்றது. அதனால் மேய் யிங்சுவோவின் 214 தலைக்குறிகளும் இன்று பேரரசரின் பெயராலேயே அறியப்படுகின்றன.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறித் தரத்தில் 1992இல் 20,902 சீன எழுத்துகள் சேர்ந்தபோது, சீனாவும் ஜப்பானும் கொரியாவும் பகிரும் அவ்வெழுத்துகளை அடுக்குவதற்கு முதன்மை அளவுகோலாகக் கொள்ளப்பட்டது காங்ஷி அகராதியின் வரிசையே. ஒரே கோட்டாலான 'ஒன்று' என்னும் எழுத்து, பதின்ம எண்ணில் சொன்னால், 19968ஆம் இடத்தில் தொடங்கி வைக்க, 214ஆம் தலைக்குறியின் கீழ் வரும் ஓர் எழுத்து 40869இல் முடித்து வைக்கிறது. 'நீர்' என்னும் எழுத்துக்கு 27700 கிடைத்தது.

தலைக்குறிகளுள் மிகப்பல தாமே முழு எழுத்துகளாகவும் வழங்குவன என்பதால், அவற்றுக்கு மேலும் ஓர் இடம் தேவையில்லை என்றே தோன்றும். ஆனால் தைவானின் தேசியக் குறியீட்டுத் தரம் தலைக்குறிகளைத் தனி வரிசையாக வைத்திருந்தது. அகராதித் தலைப்பாக நிற்கும் குறியையும் வாக்கியத்தில் வரும் சொல்லையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவையும் இருந்தது. 1999இல் வெளியான ஒருங்குறியின் 3.0 பதிப்பு 214 தலைக்குறிகளுக்கும் தனி எண்களை ஒதுக்கியதோடு, அவற்றின் சுருங்கிய வடிவங்களும் எளிமையாக்கப்பட்ட வடிவங்களுமாக 115 குறிகளை வேறொரு தொகுதியில் சேர்த்தது. இதன்படி நீர்த் தலைக்குறி 12116 ஆயிற்று. எழுத்தின் இடப்புறத்தில் மூன்று துளிகளாகச் சுருங்கும் அதன் வடிவம் 11937 ஆயிற்று. அம்மூன்று துளி வடிவமோ எழுத்துகளின் தொகுதியிலும் 27701 என்ற எண்ணில் ஏற்கெனவே இருந்தது.

ஒருங்குறியின் விதிப்படி தலைக்குறி என்பது ஒரு குறியீடே தவிர எழுத்தன்று. அதைச் சொல்லின் இடத்தில் ஆளக்கூடாது. கண்ணுக்கோ இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. எழுத்துருக்கள் பல, இரண்டு எண்களுக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துவதால், பிடிஎஃப் ஆவணத்திலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வடிவத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பும்போது சில வேளைகளில் 27700க்குப் பதிலாக 12116ஐ எடுத்துத் தருகிறது. அவ்வுரையில் 'நீர்' என்று தேடுபவர்க்கு, அச்சொல் கண்முன்னே இருந்தும் கணினி இல்லையென்றே விடை தரும். பழைய நூல்களை மின்னுருவாக்கிப் பாதுகாக்கும் பணியில் இது சிறிய குறையன்று. தேடிக் கிடைக்காத எழுத்து ஆய்வாளரைப் பொறுத்தவரை இல்லாத எழுத்தே.

ஒத்த குறிகளை ஒன்றாக்கும் இயல்பாக்கம் என்னும் செயல்முறையை முழு அளவில் கையாண்டால் 214 காங்ஷி தலைக்குறிகளும் உரிய எழுத்துகளாக மாறிவிடும். துணைத்தொகுதியின் 115 குறிகளில் இரண்டுக்கு மட்டுமே அத்தகைய இணைப்பு உண்டு. ஒருமுறை வெளியிட்ட குறிகளின் இயல்பாக்க விதியை மாற்றுவதில்லை என்று ஒருங்குறி உறுதியளித்திருப்பதால், இவ்விடைவெளியை அவ்விதிக்குள்ளேயே நிரப்ப வழியில்லை. ஆகவே 2018இல் வந்த 11.0 பதிப்பு, எந்தத் தலைக்குறி எந்த எழுத்துக்கு ஈடாகும் என்று காட்டும் தனி அட்டவணை ஒன்றை வழங்கியது. அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் மென்பொருளை எழுதுவோரின் பொறுப்பாக உள்ளது.