ஜனாஸாவும் விஞ்ஞானமும்: நம் காலத்து வரலாற்றில் ஒரு பக்கம்

மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மோதல் என்றதும் பாடசாலையில் படித்த கலிலியோவின் கதைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காக 1633ஆம் ஆண்டு ரோமாபுரியில் அவர் விசாரிக்கப்பட்டார். அந்தக் கதையில் விஞ்ஞானம் ஒரு பக்கம், மதபீடம் மறுபக்கம். யார் சரி என்பதில் இன்று சந்தேகமில்லை.

நம் கரையோரம் அண்மையில் அனுபவித்த மோதலை அவ்வளவு இலகுவாகப் பிரித்துவிட முடியாது. கொவிட்-19 நோயால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020இல் அரசு விதித்தபோது, "விஞ்ஞானம் சொல்கிறது, முஸ்லிம்கள் மதத்தின் பெயரால் மறுக்கிறார்கள்" என்றே நாட்டில் பலர் அதை விளங்கிக்கொண்டார்கள். நம்மவர்களில் சிலரும் அப்படியே நினைத்து, மார்க்கத்துக்காக விஞ்ஞானத்தையே வெறுக்கத் தலைப்பட்டார்கள். இரண்டும் தவறு. இந்த மலரைப் பின்னாளில் புரட்டப்போகும் மாணவிகளுக்காக அந்த வரலாற்றை ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது.

முதலில், மார்க்கம் விஞ்ஞானத்துக்கு இணங்கிய பக்கத்தைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் நடுப்பகுதியிலேயே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஜும்ஆ உட்பட ஒன்றுகூடல்களை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நம் ஊர்களின் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. அந்த வருட றமழானில் தறாவீஹ் தொழுகை வீட்டுக்குள் நடந்தது. ஹஜ்ஜுக்குச் சவூதி அரேபியாவில் இருந்தவர்களில் சுமார் ஆயிரம் பேர் மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருப்பவர்கள் வெளியேறாதீர்கள் என்பது நபிகளாரின் வழிகாட்டல். சிரியாவில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டு, கலீபா உமர் பாதிவழியில் திரும்பிய சம்பவமும் நாம் அறிந்ததே. ஆகவே தனிமைப்படுத்தல் நமக்குப் புதிய போதனையாக இருக்கவில்லை.

மோதல் வந்தது மையவாடியில். மார்ச் இறுதி வாரத்தில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடமிருந்தது. சில நாட்களுக்குள் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், உடல்களை 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. இறந்தவர்களை மண்ணில் வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களும் இதனால் பாதிக்கப்பட்டன. சொல்லப்பட்ட காரணம், அடக்கம் செய்தால் வைரசு நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது.

கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் திட்டில் வாழ்கிற நமக்கு இந்தப் பயம் உடனே பிடிபடும். நாலு முழம் தோண்டினால் தண்ணீர் காணும் ஊர்கள் பல. அதனால் அந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று ஒதுக்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்ட கேள்விக்கு விடையும் இருந்தது. தண்ணீரால் பரவுபவை கொலரா, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி ஏ போன்ற குடல் வழி நோய்கள். கொவிட் பரவுவது மூச்சாலும் இருமலாலும். இறந்த உடல் மூச்சு விடுவதில்லை. வைரசு பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும். உடல் அழியும்போது கொழுப்புறை கொண்ட அந்த வைரசும் சிதைந்துவிடும். இன்னொன்றையும் யோசிக்கலாம். நோயாளிகள் உயிரோடு இருந்தபோது அவர்களின் மலத்திலும் வைரசின் கூறுகள் வெளியேறி, மலசலகூடக் குழிகள் வழியே இதே மண்ணில்தான் சேர்ந்தன. அதை எவரும் தடுக்கவில்லை, தடுக்கவும் தேவையிருக்கவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 24ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டலிலேயே, தொற்று நோயால் இறந்தவர்களை எரித்துத்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் சரியல்ல என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. இலங்கையில் பிறந்த உலகப் புகழ்பெற்ற வைரசியலாளர் பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயல்ல என்று விளக்கினார். 2020 டிசம்பர் இறுதியிலும் 2021 ஜனவரியிலும் நம் நாட்டின் சமுதாய மருத்துவ நிபுணர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்யலாம் என்றே கூறின. அரசு நியமித்த நிபுணர் குழுவொன்றும் அதையே பரிந்துரைத்தது. விஞ்ஞானம் மண்ணுக்கு எதிராக இருக்கவில்லை. விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்ன ஓர் அச்சமே எதிராக இருந்தது.

இதற்கிடையில் காலம் ஓடியது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைக் காரணம் கூறாமலேயே தள்ளுபடி செய்தது. பிறந்து 20 நாட்களேயான குழந்தையின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்டது. அதன் பின் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். கபன் துணியின் நினைவாகக் கட்டப்பட்ட அந்தத் துண்டுகளைப் பிற மதத்தவரும் கட்டினார்கள்.

நம் பகுதியில் நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையைச் சுற்றித் தொற்றுப் பரவியபோது, ஒரு வைத்தியராக என்னை அதிகம் கலங்கவைத்தது மூச்சுத் திணறலோடு வீட்டுக்குள் மறைந்து கிடந்தவர்களே. "ஆஸ்பத்திரியில மவுத்தானா எரிச்சிருவாங்க" என்ற ஒரு வசனம் மருந்துகளையெல்லாம் தோற்கடித்தது. பி.சி.ஆர். பரிசோதனைக்கே வர மறுத்தவர்கள் இருந்தார்கள். நோயைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி, நோயாளியை வைத்தியரிடமிருந்து விரட்டியது. மக்கள் நம்பாவிட்டால் பொதுச் சுகாதாரம் நடவாது என்பது எங்கள் துறையின் பாலபாடம்.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி விதி திருத்தப்பட்டது. இரணைதீவில் அடக்கம் செய்யும் யோசனையை அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் ஆரம்பமாகி ஒரு வருடம் நீடித்தது. 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உள்ளனர். 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது.

பிரேதத்தைக் கண்டு பயப்படும் பழக்கம் 2020இல் தொடங்கியதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொள்ளை நோய் வந்துவிடும் என்று அஞ்சி, பல உடல்களை அடையாளம் காணுமுன்னரே கூட்டாக அடக்க நேர்ந்தது. அனர்த்தத்தில் காயப்பட்டும் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளை நோய் பரவுவதில்லை என்பதே மருத்துவம் அறிந்த உண்மை. அன்றைய அவசரத்தால், கபுறு எது என்று தெரியாத தாய்மார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்படியானால் மார்க்கம் எப்போதுமே சரி, விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று ஆகிவிடுமா? இல்லை. 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது, மையித்தைத் தொட்டுக் குளிப்பாட்டியதால் உண்மையிலேயே நோய் பரவியது. அங்கே உலக சுகாதார ஸ்தாபனம் சமயத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசியது. குளிப்பாட்டல் கைவிடப்பட்டது, தயம்மும் அனுமதிக்கப்பட்டது, உடல் கபனோடு மண்ணுக்குள் போனது. ஆதாரம் எங்கே இருந்ததோ அங்கே வழக்கம் வளைந்து கொடுத்தது. 

இந்த நேர்மைக்கு நம் வரலாற்றிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1348இல் பெருங்கொள்ளை நோய் அந்தலூசியாவைத் தாக்கியபோது, தொற்று என்பதே இல்லை என்று சில அறிஞர்கள் ஹதீஸை ஆதாரம் காட்டினார்கள். கிரனடாவின் வைத்தியரும் அமைச்சருமான இப்னுல் கதீப் தொற்று உண்டு என்று எழுதினார். நோயாளியோடு பழகியவர்கள் இறப்பதையும், ஒதுங்கியிருந்தவர்கள் தப்புவதையும் காட்டினார். கண்கூடான சான்றுக்கு முரணாகத் தோன்றும் வாசகத்துக்கு விளக்கம் தேட வேண்டும் என்பது அவர் வாதம். 1374இல் பெஸ் நகரச் சிறையில் அவர் கொல்லப்பட்டார். அரசியல் பகையோடு மதவிரோதக் குற்றச்சாட்டும் அவர்மீது சுமத்தப்பட்டிருந்தது.

"ஆதாரம் என்ன?" என்பது அவர் தன் கூட்டத்தாரிடம் கேட்ட கேள்வி. 2020இல் நாம் அரசிடம் கேட்டதும் அதுவே. தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவையும், சுனாமி வந்தது பெண்களின் உடுப்பால்தான் என்று பேசுபவரையும் நோக்கி அதே கேள்வியை நாம் கேட்காவிட்டால், நம் நியாயம் பாதி நியாயமாகிவிடும். உயர்தர விஞ்ஞான வகுப்பில் நமக்குக் கற்றுத் தந்தது சூத்திரங்களை மட்டுமல்ல, இப்படிக் கேட்கும் துணிவையும்தான்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். அந்நாட்களின் சுற்றறிக்கைகள், கடிதங்கள், பத்திரிகை நறுக்குகள் உங்களில் பலரிடம் இருக்கும். மையித்துக் குளிப்பாட்டும் பெண்களின் அனுபவங்களும், தம் வீட்டாரைத் தூரத்து மண்ணில் அடக்கிய குடும்பங்களின் அனுபவங்களும் இன்னும் எழுதப்படவில்லை. அவற்றைச் சேகரித்து நம் பாடசாலை நூலகத்தில் ஒரு கோப்பாக வைப்போம். அடுத்த கொள்ளை நோய் வரும்போது, அதைத் திறந்து பார்க்க ஒரு மாணவி இருப்பாள்.